கால்வாய்க்குள் இரண்டு சகலைகள்

மேலே மதகைத் தூக்கிவிட்டார்கள். தண்ணீர் கிளம்பிவிட்டது. பொக்லைன் மட்டும் இன்னும் கால்வாய்க்குள் நிற்கிறது.

நிற்கிறது என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். இடது பக்கச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் செயின் முன் சக்கரத்தை விட்டுக் கழன்று சேற்றில் நீட்டிக்கொண்டு கிடந்தது. எந்திரம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து, பக்கெட்டைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டிருந்தது. குளியலறையில் வழுக்கியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பானே, அப்படி. பக்கெட்டைத் தூக்கினால் மொத்த உடம்பும் சரியும்.

கேபினுக்குள் சின்னவள் இருந்தாள். மூன்று பெண்கள் பிறந்த வீட்டில் கடைசி. அப்பா வீட்டில் தனக்கு வந்த பங்கை அக்காக்களுக்கே விற்று, அந்தப் பணத்தில் வாங்கிய எந்திரம் இது. மூத்தவளுக்குக் குடும்பம், நடுவிலுள்ளவளுக்கு வேலை, சின்னவளுக்குப் பொக்லைன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அவள் சிரித்துக்கொள்வாள். கேலி என்றாலும் கணக்கு சரிதான். இது மூழ்கினால் அவளிடம் மிச்சமிருப்பது ஓட்டுநர் உரிமமும் ஒரு ஜோடி ரப்பர் பூட்சும்தான்.

தண்ணீர் விடுவதற்கு முன்னால் கால்வாயில் தூர் வாருகிற வேலை. மற்ற எந்திரங்கள் எல்லாம் காலையிலேயே கரையேறிப் போய்விட்டன. இந்தக் கடைசி வளைவை மட்டும் வழித்துவிட்டு வருகிறேன் என்று அவள் தங்கினாள். திரும்பும்போது செயின் கழன்றது. மதகு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான், நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் தண்ணீர் பாதி வழி வந்தாயிற்று, அதைத் திரும்பி வா என்று கூப்பிட வழியில்லை, பொழுது சாய்வதற்குள் உங்கள் வளைவுக்கு வந்துவிடும் என்றார்.

அடுத்து அவள் இரண்டு போன் செய்தாள். ஒன்று மூத்த அக்காவின் கணவர் பெரிய மாமாவுக்கு. இன்னொன்று சின்ன மாமாவுக்கு. ஒருவரைக் கூப்பிட்டதை மற்றவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேருமே வந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு வேன்களும் ஒரே நேரத்தில் கரையில் வந்து நின்றன.

முதல் வேனிலிருந்து பெரிய சகலை இறங்கினார். ஊர் அவருக்கு வைத்த பெயர் தீப்பொறி. வெல்டிங்கில் கைதேர்ந்தவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வேலைதான். ஒட்ட வேண்டியதைப் பற்றவைப்பது, பிரிய வேண்டியதைச் சம்மட்டியால் அடிப்பது. கூடவே அவர் மனைவி, அதாவது மூத்த அக்கா, தங்கச்சிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று வீட்டைப் பூட்டாமல்கூட ஓடி வந்திருந்தாள்.

இரண்டாவது வேனிலிருந்து இறங்கியவன் சின்ன சகலை. நடு அக்காவின் கணவன். பெயர் பம்பு. காரணம், அவன் எங்கே போனாலும் கூடவே போகும் சிவப்புப் பெட்டி. அதற்குள் ஒரு கைப்பம்பு, ஒரு நீளமான ஹோஸ், சுரைக்காய் அளவில் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர், அழுத்தம் காட்டும் மீட்டர், நீட்டிக்கொள்ள இரும்புக் குழாய்கள். பம்பை அடித்தால் ஹோஸ் வழியாக எண்ணெய் போய் சிலிண்டருக்குள் இருக்கும் தண்டை வெளியே தள்ளும். ஒரு மனிதன் ஒரு கையால் அடிக்கிற அடி, அந்த முனையில் ஒரு லாரியைத் தூக்குகிற தள்ளாக மாறும்.

இருவருக்கும் ஒரே பட்டறை. நடுவில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. முன்பெல்லாம் கோடு கிடையாது. ஒரு டிராக்டரின் பேரிங் இறுகிப்போய் வந்தது. பெரியவர் சம்மட்டி எடுத்தார். பம்பு பெட்டியைத் திறக்கப் போனான். பெட்டி திறப்பதற்குள் பேரிங்கோடு அதைத் தாங்கிய வார்ப்பும் விரிசல் விட்டுவிட்டது. அப்போது பம்பு, "நான் முன்னாடியே சொன்னேன்" என்றான். அன்றைக்குக் கோடு விழுந்தது. அதன்பிறகு இருவரும் ஒரு வார்த்தை நேரில் பேசியதில்லை. ஸ்பேனர் வேண்டுமென்றால்கூட, பழுதுபார்க்க வந்த வாடிக்கையாளர் மூலமாகத்தான் கேட்டார்கள்.

அந்த வழக்கத்தைக் கால்வாய்க்கும் கொண்டுவந்தார்கள்.

பெரியவர் கேபினைப் பார்த்துச் சொன்னார். "உன் சின்ன மாமா கிட்ட சொல்லும்மா, அந்த விளையாட்டுச் சாமான் பெட்டியத் திறக்குறதுக்குள்ள தண்ணி வந்து நின்னுடும்னு."

பம்புவும் கேபினைப் பார்த்தே சொன்னான். "உன் பெரிய மாமா கிட்ட சொல்லு, சம்மட்டியப் பார்த்து செயின் பயந்துபோய் தானா ஏறிக்கும்னா, அடிச்சுப் பார்க்கட்டும்."

"ரெண்டு பேரும் கை எட்டுற தூரத்துல நிக்கிறீங்க. நடுவுல நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்றாள் சின்னவள். மூத்த அக்கா கரையிலிருந்து கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சாவிக்கொத்தைச் சுட்டுவிரலில் மாட்டிச் சுழற்ற ஆரம்பித்தார்.

அது அவருடைய பழக்கம். பதற்றம் வந்தால் சாவிக்கொத்து சுழலும். வேன் சாவி, பட்டறைச் சாவி, பீரோ சாவி, அவற்றோடு விரல் நீளத்தில் ஒரு இரும்புத் துண்டு. அந்தத் துண்டின் முனை அவருடைய எல்லா கால்சட்டைப் பைகளையும் ஓட்டை போட்டிருக்கிறது. தைத்துத் தைத்து மூத்த அக்காவுக்கு அலுத்துவிட்டது.

செய்ய வேண்டிய வேலை என்னவென்பதில் மட்டும் இருவருக்கும் சண்டையில்லை. செயினை முன்னால் தாங்குகிற அந்தப் பெரிய சக்கரத்தை ஒரு சாண் பின்னால் தள்ள வேண்டும். தள்ளினால் செயின் தளரும், தூக்கி மாட்டலாம். அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கிரீஸ் உருளை இருக்கிறது. உள்ளே அடைத்த கிரீஸ்தான் சக்கரத்தை முன்னால் தள்ளி, செயினை விறைப்பாக வைத்திருக்கும். பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் ஒரு வால்வு. வால்வைத் தளர்த்தினால் கிரீஸ் வெளியேறும், சக்கரம் பின்னால் போகும். சாதாரணமாகப் பக்கெட்டாலேயே சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளி முடித்துவிடலாம். இன்றைக்குப் பக்கெட்டுக்கு வேறு வேலை.

வால்வைத் தளர்த்தியாயிற்றா என்று பம்பு கேட்டான். ஜன்னல் முழுக்கச் சேறு, கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டுதான் ஸ்பேனர் போட்டேன், ஆனால் திரும்பியது என்றாள் அவள்.

பெரியவர் முந்திக்கொண்டார். சம்மட்டியோடு இறங்கி, சக்கரத்தின் தாங்கியில் மரக்கட்டையை வைத்து ஓங்கி ஒரு அடி. கால்வாய் முழுக்க எதிரொலி. சக்கரம் அசையவில்லை. இன்னும் ஒரு அடி. அதற்கும் சக்கரம் அசையவில்லை, பக்கெட் அசைந்தது. ஊன்றியிருந்த இடத்திலிருந்து ஒரு கையளவு வழுக்கியது. எந்திரம் முனகியது.

"பெரிய மாமா, போதும்." சின்னவளின் இரண்டு கைகளும் லீவர்களில் உறைந்திருந்தன.

அவர் சம்மட்டியை இறக்கினார். கரையேறி, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் நின்றார். சாவிக்கொத்து வேகமாகச் சுழன்றது.

பம்பு சிவப்புப் பெட்டியோடு இறங்கினான்.

அவன் வேலையில் அவசரம் தெரியாது. பார்க்கிறவர்களுக்குத்தான் கோபம் வரும். ஒரு தடித்த சங்கிலியை எந்திரத்தின் இடுப்பைச் சுற்றிப் போட்டு, இரண்டு நுனியையும் முன்பக்கம் கொண்டுவந்து, சக்கரத்துக்கு முன்னால் ஒரு இரும்புப் பாளத்தைக் குறுக்கே மாட்டினான். பாளத்துக்கும் சக்கரத்தின் தாங்கிக்கும் நடுவில் சிலிண்டரை வைத்தான். இனி சிலிண்டர் நீண்டால், சங்கிலி பாளத்தை விடாது, சக்கரம்தான் பின்னால் போக வேண்டும். சாய்ந்து நிற்கும் எந்திரத்துக்கு ஒரு உலுக்கல்கூடக் கிடையாது. ஹோஸ் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தள்ளிப் போய்ப் பம்பை வைத்து, மண்டியிட்டு உட்கார்ந்தான்.

சங்கிலி விறைத்தது. மீட்டரின் முள் எழுந்தது.

அதே நேரம் வளைவில் ஒரு சலசலப்பு. கரையிலிருந்து மூத்த அக்காதான் முதலில் பார்த்தாள். பெரிய அலையெல்லாம் இல்லை. ஒரு மெல்லிய நாக்கு. முன்னால் காய்ந்த இலைகளையும் நுரையையும் ஒரு ஒற்றைச் செருப்பையும் தள்ளிக்கொண்டு, வழியில் இருக்கும் குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பிவிட்டு, நிதானமாக வந்தது. வந்து பம்புவின் முழங்காலைத் தொட்டது.

அவன் நிமிரவில்லை. அடித்தான். முள் பாதி வட்டம் தாண்டியது. சக்கரம் அசையவில்லை. இன்னும் அடித்தான். சங்கிலியில் ஒட்டியிருந்த காய்ந்த சேறு பொடிப்பொடியாக உதிர்ந்தது. முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. சக்கரம் ஒரு நூல்கூட நகரவில்லை.

பம்பு நிறுத்திவிட்டான். இறுகிய இரும்பு என்றால் இதற்குள் ஒரு சத்தமாவது போட்டிருக்கும். துரு உடையும்போது டங்கென்று ஒரு சத்தம் வரும். அதுவும் இல்லை. இது துரு இல்லை. உள்ளே கிரீஸ் அடைபட்டுக் கிடக்கிறது. வால்வு திறக்கவே இல்லை.

ஜன்னல் பக்கம் போய், நேராக நிற்காமல் ஓரமாக ஒதுங்கி நின்று, பாட்டில் தண்ணீரை ஊற்றிச் சேற்றைக் கழுவினான். சின்னவளின் ஸ்பேனர் திருப்பியது வால்வை இல்லை. வால்வின் தலை மழுங்கி, ஸ்பேனர் சும்மா வழுக்கிச் சுற்றியிருக்கிறது. தலைக்குக் கீழே, சுற்றிலும் ஒரு வளையம். பளபளப்பாக, அழகாக, மீன் செதில் அடுக்கியதுபோல ஒரு வெல்டிங்.

வால்வைப் பற்றவைத்து மூடியிருந்தார்கள்.

அந்தச் செதில் வேலையை யார் செய்தது என்று பம்பு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெல்டிங் ராடைப் பிறை வடிவில் ஆட்டிப் பற்றவைக்கிற கை இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான். ஏதோ ஒரு நாள் கிரீஸ் கசிந்திருக்கிறது. கசிந்தால் அடைத்துவிடுவதுதானே அந்தக் கைக்குப் பழக்கம். அன்றிலிருந்து உள்ளே புதுக் கிரீஸ் ஏறவில்லை. செயின் தேயத் தேயத் தொங்கியது. இன்றைக்குக் கழன்றது.

அவன் கரையைப் பார்த்தான். சாவிக்கொத்து நின்றிருந்தது.

பெரியவர் விறுவிறுவென்று வேனுக்குப் போனார், பேட்டரி கிரைண்டரை எடுத்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கி வந்தார். கணுக்கால் அளவு தண்ணீர். ஜன்னலுக்கு நேரே குனிந்து, வெல்டிங் வளையத்தின் மேல் கிரைண்டரின் அறுக்கும் தட்டை வைக்கப் போனார்.

"சகல, கைய எடு."

"ங்க" கூடப் போடவில்லை. மஞ்சள் கோடு விழுந்த பிறகு பம்பு அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. கரையிலிருந்த மூத்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவரின் கை அப்படியே நின்றது.

பம்பு பதறவில்லை, மீட்டரைக் காட்டினான். முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அத்தனை தள்ளும் இப்போது உள்ளே இருக்கிற கிரீஸின் மேல் இருக்கிறது. வெல்டிங்கை அறுத்தால் வால்வு கழலாது, பறக்கும். பறக்கிற பாதையில் பெரியவரின் நெற்றி இருந்தது.

பெரியவர் மெல்ல நிமிர்ந்து ஒரு எட்டு ஓரமாக நகர்ந்தார்.

பம்பு கைப்பம்பிடம் திரும்பிப் போய், அழுத்தத்தை இறக்கும் திருகைத் திருப்பினான். எண்ணெய் திரும்பி ஓட, முள் சறுக்கிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்தது. செயின் கழன்று கிடப்பதால் சக்கரத்தின் மேல் வேறு பாரம் இல்லை. இனி உள்ளே இருப்பது வெறும் கிரீஸ். இப்போ அறுங்க என்று பம்பு சொன்னபோது "ங்க" திரும்பி வந்திருந்தது.

தீப்பொறி தன் பெயரைக் காப்பாற்றினார். ஓரமாக நின்றபடி அறுத்தார். பொறிகள் மழையாகத் தண்ணீரில் விழுந்து சீறி அணைந்தன. தான் போட்ட வெல்டிங்கைத் தானே அறுப்பது சுலபமில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அவ்வளவு கெட்டியாகப் போட்டிருந்தார். தண்ணீர் முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலின் கீழ் விளிம்பை அது தொடுவதற்கும் வளையத்தின் கடைசித் துணுக்கு உதிர்வதற்கும் சரியாக இருந்தது. கிரைண்டரை மனைவி பக்கம் வீசினார். அவள் அதைப் பிடித்த பிடி, எத்தனையோ வருடமாகப் பாத்திரம் பிடித்த பிடி.

பம்பு குழாய் ரெஞ்சை நீட்டினான். பெரியவர் வாங்கினார். மழுங்கிய தலையைக் கவ்விப் பிடித்துத் திருக, சிதைந்த வால்வு கழன்று கையோடு வந்தது.

"பம்பு அடிடா" என்றார் பெரியவர்.

பம்பு அடித்தான். முள் எழுந்தது. அப்புறம் நின்றது. அப்புறம் அவன் அடிக்க அடிக்க முள் ஏறாமல், ஜன்னலுக்குள்ளிருந்து கறுப்பாக, கெட்டியாக, நாள்பட்ட கிரீஸ் வெளியே நெளிந்து வந்தது. சக்கரம் ஒரு விரல் நகர்ந்தது. இரண்டு விரல். சம்மட்டிக்கு மசியாத சக்கரம், முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டிருந்த ஒருவனின் ஒரு கைக்கு மரியாதை கொடுத்துப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஹோஸும் சிலிண்டரும் தண்ணீருக்குள் போய்விட்டன. அவற்றுக்கு அதனால் ஒன்றுமில்லை. எண்ணெய் உள்ளே, தண்ணீர் வெளியே. ஒரு சாண் போதும் என்றார்கள், அதற்கு மேலேயே போயிற்று. பம்பு அழுத்தத்தை இறக்கி, சிலிண்டரையும் பாளத்தையும் சங்கிலியையும் கழற்றி ஓரமாகப் போட்டான்.

அடுத்தது சின்னவளின் முறை. பக்கெட்டை இன்னும் கொஞ்சம் அழுத்தி, சாய்ந்த பக்கத்தைத் தரையிலிருந்து எழுப்பினாள். செயினை இழுக்கும் பின் சக்கரத்தை மட்டும் மெல்ல உருட்டினாள். முட்டை உருட்டுகிற நிதானம். கழன்ற செயின் தண்ணீரிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்தது. இரண்டு சகலைகளும் ஆளுக்கொரு கடப்பாரை போட்டு, ஒருவர் தூக்க ஒருவர் நெம்ப, அதை முன் சக்கரத்தின் மேல் ஏற்றினார்கள். ஒவ்வொரு கண்ணியாக. கடைசிக் கண்ணி டொக்கென்று உட்கார்ந்தது.

மூத்த அக்கா கரையில் தனியாகக் கைதட்டினாள்.

பம்பு கைதட்டவில்லை. செயின் இன்னும் தளர்வாகத் தொங்கியது. உருளைக்குள் புதுக் கிரீஸ் ஏற்றி விறைப்பாக்காமல் ஒரு அடி எடுத்து வைத்தாலும் மறுபடி கழலும். கிரீஸ் ஏற்ற வால்வு வேண்டும். பழைய வால்வு சிதைந்துவிட்டது. அந்த ஓட்டைக்குள் தண்ணீர் போகாமல் அவன் தன் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நின்றான். இந்த அளவு வால்வு யாரிடமாவது இருக்குமா என்று சின்னவள் கேட்டாள். கடைகள் இருக்கிற இடத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் கேபினுக்குள் மீன் நீந்தும்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

எல்லோரும் பார்த்தார்கள். வேன் சாவி, பட்டறைச் சாவி, பீரோ சாவி. அவற்றோடு விரல் நீளத்தில் அந்த இரும்புத் துண்டு. திருகு மரைகள் புதுசு. முனையில் கிரீஸ் ஏற்றும் காம்பு.

"வெல்டிங் வச்ச மறுநாளே புது வால்வு வாங்கிட்டேன். மறந்துடக் கூடாதுன்னு இதுல மாட்டினேன்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தினமும் கையிலயே இருந்துச்சா, அப்புறம் கண்ணுக்குத் தெரியாமப் போச்சு."

கரையிலிருந்து மூத்த அக்காவின் குரல் வந்தது. "இதுக்காகவா நான் இத்தனை பாக்கெட் தைச்சேன்?"

பம்பு, "நான் முன்னாடியே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் துடித்தது, ஆனால் கட்டைவிரல் ஓட்டைக்குள் இருந்தது. "சீக்கிரம் கழட்டுங்க சகல, விரல் மரத்துப்போச்சு" என்று மட்டும் சொன்னான்.

சாவி வளையம் இறுகிப்போயிருந்தது. பெரியவர் நகத்தால் நெம்பினார். நகம் உடைந்தது. பல்லால் கடித்து விரித்தார். வால்வு கைக்கு வந்தது. மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் அப்போது கவனிக்கவில்லை. பம்பு விரலை எடுக்க, அதே நொடியில் பெரியவர் வால்வைச் செருகித் திருகினார். கடைசி அரைச் சுற்றை ஸ்பேனர் போட்டு இறுக்கினார். சின்னவள் கேபினிலிருந்து கிரீஸ் துப்பாக்கியை நீட்டினாள். பெரியவர் அடித்தார், பம்பு செயினைப் பார்த்தான். தொங்கிய செயின் மெல்ல மெல்ல வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நிமிர்ந்தது. போதும் என்று பம்பு கையை உயர்த்தினான். சிலிண்டரையும் பாளத்தையும் சங்கிலியையும் அள்ளிக்கொண்டு இருவரும் இடுப்பளவு தண்ணீரில் தட்டுத்தடுமாறிக் கரையேறினார்கள்.

சின்னவள் பக்கெட்டைத் தூக்கினாள்.

எந்திரம் சரியவில்லை. இரண்டு செயின்களிலும் நின்றது. எஞ்சின் ஒரு முறை உறுமியது. கால்வாய்த் தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு, சேற்றையும் இலைகளையும் அந்த ஒற்றைச் செருப்பையும் பின்னால் தள்ளிவிட்டு, சரிவில் ஏறியது. பாதிச் சரிவில் இடது செயின் ஒரு முறை கிறீச்சிட்டது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். பம்பு மூடவில்லை, அவனுக்கு அந்தச் சக்கரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். ஈர மண்ணை மெத்தென்று அழுத்திக்கொண்டு பொக்லைன் கரைக்கு வந்து நின்றது.

கேபின் கதவைத் திறந்து அவள் இறங்கவில்லை. பக்கெட்டை வானத்துக்குத் தூக்கி, ஒரு முறை மடக்கி, ஒரு முறை நீட்டினாள். இரண்டு மாமாக்களுக்கும் பொதுவாக ஒரு வணக்கம். அதிலிருந்து கொட்டிய சேற்றுத் தண்ணீர் இருவர் தலையிலும் பொதுவாகவே விழுந்தது. அதற்குப் பிறகுதான் இறங்கினாள், இறங்கிய உடனே செயினைத் தொட்டுப் பார்த்தாள், அழுதாள், அக்காவைக் கட்டிக்கொண்டாள், எல்லாம் ஒரே மூச்சில்.

பின்னால் கால்வாய் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. பொக்லைன் நின்ற இடம் எது என்று இப்போது யாராலும் காட்ட முடியாது.

பெரியவர் தலையைத் துவட்டிக்கொண்டு தன் வேனுக்கு நடந்தார். கதவருகே நின்று சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். மறுபடி சட்டைப் பை. பிறகு மெல்லத் திரும்பிக் கால்வாயைப் பார்த்தார். வேன் சாவி, பட்டறைச் சாவி, பீரோ சாவி, மூன்றும் கடைமடைக்குப் பாசனம் செய்யப் புறப்பட்டிருந்தன.

மூத்த அக்கா வாயைத் திறப்பதற்குள் பம்பு தன் வேனின் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தான்.

பெரியவர் ஏறி உட்கார்ந்தார். மூத்த அக்கா தங்கச்சியோடு கரையிலேயே நின்றுகொண்டாள். பின்னால் சங்கிலியும் பாளமும் இடத்தை அடைத்திருந்ததால் சிவப்புப் பெட்டிக்கு இடமில்லை. பம்பு அதை எங்கே வைப்பதென்று யோசித்தபோது அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். மடியில் வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபிறகு மூடியைத் திறந்து மீட்டரைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

"இந்த முள்ளு சிவப்பத் தாண்டினா என்னடா ஆகும்?"

பம்பு சொல்ல ஆரம்பித்தான். வண்டி பட்டறை வாசலுக்கு வந்து நின்றபோதும் சொல்லிக்கொண்டேதான் இருந்தான். உள்ளே போக இருவரிடமும் ஒரே சாவிதான் இருந்தது, பம்புவுடையது. கதவைத் திறந்து, பேச்சு சுவாரசியத்தில், இரண்டு பேரும் மஞ்சள் கோட்டை மிதித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.